கேமு மேஸ்திரி

முதலில் மோந்து பார்க்கிறார். பிறகு இடது கைச் சுட்டுவிரலை ஒரு முனையில் வைத்து மறுமுனை வரைக்கும் மெல்ல இழுத்துக்கொண்டு போகிறார். உதடுகள் அசைகின்றன. மேடுகளை எண்ணுகிறார், எட்டு. நம்பாமல் மறுமுனையிலிருந்து திரும்ப எண்ணுகிறார், எட்டுதான். இரண்டடி நீளமுள்ள அந்த இரும்புத் தண்டைக் காதோரம் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, சத்தம் முழுவதும் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.

"பேரு சொல்ல மாட்டியா நீ?" என்று அதனிடமே கேட்கிறார். "சரி, வோணாம். உன் தோஸ்து எவனாச்சும் சொல்லுவான்."

வேலப்பனுக்கு ஐம்பது வயது இருக்கலாம். சரியாகத் தெரியாது என்று அவரே சொல்கிறார். ஒல்லியான தேகம், முன்னால் சற்று வளைந்த நடை. பொத்தான் போன காக்கிக் கோட்டு ஒன்றை எந்த வெயிலிலும் கழற்றுவதில்லை. அதன் உள்பையில் தடிமன் அளக்கும் ஒரு காலிபர், மேல்பையில் தச்சர்கள் வைத்திருக்கும் தட்டைப் பென்சில், பக்கப்பையில் நாலைந்து கிராம்பு. வலது கைக் கட்டைவிரல் நகம் எந்தக் காலத்திலோ நசுங்கித் தட்டையாகிக் கறுத்திருக்கிறது. "காலிபரு பொய் சொன்னாலும் சொல்லும். இந்த நகம் சொல்லாது" என்பார். தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் எங்கள் சந்தின் கோடியில், ஒரு காயலான் கடைக் கிடங்கின் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் தகரக் கொட்டகைதான் அவருக்கு வீடும் பட்டறையும். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் எனக்குப் பகல் நிறைய மிச்சமிருக்கிறது. அதில் பாதியை அந்தக் கொட்டகை வாசலில் நின்று கழித்திருக்கிறேன்.

மோட்டார் எஞ்சினைத் திறந்து பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வாசல்கள் உண்டு. பெட்ரோல் ஆவி உள்ளே வருவதற்கு ஒன்று, எரிந்த புகை வெளியே போவதற்கு ஒன்று. அந்த வாசல்களின் கதவுகளுக்கு வால்வு என்று பெயர். எந்தக் கதவு எப்போது திறக்கவேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு தண்டு. அதன்மேல் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். தண்டு சுழல, மேடு வந்து கதவைத் தூக்கும். மேடு தாண்டினால் கதவு மூடிக்கொள்ளும். இதுதான் கேம் ஷாப்ட். வேலப்பன் வாயில் அது 'கேமு'. மேடுகளின் வரிசையும் இடைவெளியும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு எஞ்சினின் தண்டை இன்னொன்றில் போட்டால் கதவுகள் தப்பான நேரத்தில் திறந்து எஞ்சின் ஓடாது.

தொல்லை என்னவென்றால், தண்டில் பெயர் இருப்பதில்லை. ரேடியேட்டரில் பெயர் இருக்கும், சக்கரத்தின் மூடியில் இருக்கும், விளக்கில்கூட இருக்கும். வண்டியின் வயிற்றுக்குள் கிடக்கும் இந்தத் தண்டில் மட்டும் ஒன்றும் இருக்காது. ஐரோப்பாச் சண்டைக்கு வந்த லாரிகள், துரைமார் விட்டுப் போன கார்கள், துறைமுகத்தில் உப்புக் காற்றில் இற்றுப்போன வண்டிகள் எல்லாம் செத்து, உடைக்கப்பட்டு, ஏலத்தில் ஒரே குவியலாக வந்து விழுகின்றன. அந்தக் குவியலில் எது எந்த வண்டியின் தண்டு என்று சொல்வதற்கு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வேலப்பன் ஒருவர்தான் இருக்கிறார்.

அவர் அதைக் கண்டுபிடிக்கும் முறை அவருடையதே. கெரசின் விளக்கின் புகைக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மேடுகளின்மேல் மெல்லியதாகப் பூசுவார். பழுப்புக் காகிதத்தில் ஒரு முழத் துண்டைப் பலகைமேல் விரிப்பார். தண்டைக் காகிதத்தின் எதிர்ப்பக்க ஓரத்தில் கிடத்தி, இரண்டு உள்ளங்கைகளாலும் சப்பாத்திக் கட்டையைப்போல் தன் பக்கமாக ஒரே ஒரு சுற்று உருட்டுவார். காகிதத்தில் எட்டுக் கறுப்புத் தழும்புகள் விழும். எது முதலில் விழுந்தது, எது பின்னால், எதற்கும் எதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்படி முந்நூறுக்கு மேற்பட்ட காகிதங்களைச் சுருட்டி வைத்திருக்கிறார். தெரிந்த வண்டியை யாராவது உடைத்தால், ஓடிப்போய் அதன் தண்டை உருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பெயரில்லாத தண்டு வந்தால் அதையும் உருட்டி, பழைய காகிதங்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பார்.

அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ஆகவே காகிதத்தின் மூலையில் பெயருக்குப் பதிலாக அந்த வண்டியின் முகத்தை, அதாவது ரேடியேட்டரின் வடிவத்தை வரைந்திருப்பார். சில முகங்களுக்குக் கண்ணும் உண்டு.

ஒரு கட்டுப்பாட்டை மட்டும் அவர் லேசில் மீறமாட்டார். எப்போதும் தன் பக்கமாகத்தான் உருட்டுவார். அந்தப் பக்கம் உருட்டினால் தழும்புகளின் வரிசை தலைகீழாகிவிடும். "கடவுளே எதுத்தாப்ல வந்து குந்தினாலும் நம்ம பக்கந்தான் உருட்டணும்" என்று ஒருநாள் சொன்னார். எதிரில் வந்து உட்காரத்தான் யாரும் இல்லை.

மனைவி சொக்கம்மாள், ஊர் முழுக்க விஷக்காய்ச்சல் பரவிய வருஷத்தில் போய்விட்டாள். குழந்தை இல்லை. வியாசர்பாடியில் அக்காள் வீடு இருக்கிறது. பொங்கலுக்குப் போய் வருவார். மவுண்ட் ரோட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் பதினான்கு வருஷம் பிட்டராக இருந்தவர், ஒருநாள் காலையில் போகாமல் நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "நாப்பது பேரு வேல செய்றான். நாப்பது பேரும் பேசிகினே கீறான். என்னாண்ட வந்தா மட்டும் 'ஸ்பானரு குடு'ன்றான். அத்த வூட்லயே இருந்துகினு கேக்கலாமேன்னு வந்துட்டேன்" என்றார். இதைச் சிரிக்காமல் சொன்னார்.

தண்டுகளை அவர் படுக்க வைப்பதில்லை. நீளத் தண்டு படுத்துக் கிடந்தால் வளைந்துவிடுமாம். ஒவ்வொன்றையும் கம்பியில் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார். மத்தியானம் கடற்காற்று ஏறியதும் அவை ஒன்றோடொன்று இடித்து மணிகள்போல ஒலிக்கும். தெரியாதவர்கள் அதைக் கேட்டுப் பூசை நடக்கிறதென்று நினைத்து எட்டிப் பார்த்ததுண்டு.

சந்து முனையில் ஆப்பம் சுடும் பட்டம்மாள் அவரைச் சும்மா விடமாட்டாள்.

"இன்னா மேஸ்திரி, காலீலேர்ந்து இரும்ப மோந்துகினே கீறே. பசி அடங்கிச்சா, ஆப்பம் வோணுமா?"

"ரெண்டு குடு. கருகாம குடு."

"கருகினாத்தான் உனக்குப் புடிக்கும்னு நெனச்சேன். கரியிலயே குடித்தனம் பண்றியே!"

இந்தப் பேச்சு தினமும் நடக்கும். அனேகமாக அன்றைக்கு அவர் மனிதரோடு பேசும் பேச்சு அவ்வளவுதான். அவரிடம் வருகிறவர்கள் வண்டி நின்றுபோனவர்கள். தண்டு கிடைத்ததும் போய்விடுவார்கள். "வண்டி செத்தாத்தான் இந்தாளு வூட்டுக்கு விருந்தாளி" என்று பட்டம்மாள் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வாள்.

சென்ற மாசி மாதம் அப்படி வந்தவர் வெள்ளத்துரை. தெற்கே உடன்குடிப் பக்கத்துக்காரர். ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எண்ணூருக்கு 'ஜெயக்கொடி' என்று ஒரே ஒரு பஸ் வைத்துத் தானே ஓட்டுகிறவர். அந்தப் பஸ்ஸின் கேம் ஷாப்ட் இரண்டாக முறிந்துவிட்டது. எஞ்சின் செய்த கம்பெனியைச் சீமையில் எப்போதோ மூடிவிட்டார்கள். முறிந்த துண்டுகளை மாதிரிக்கென்று பம்பாய்க்கு அனுப்பினார். துண்டுகளும் திரும்பவில்லை, பதிலும் வரவில்லை. மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வண்டியைச் சர்க்கார் சோதனைக்கு ஓட்டிக்காட்ட வேண்டும். தவறினால் எண்ணூர் ரூட், ஆறு பஸ் வைத்திருக்கும் ஒரு முதலாளிக்குப் போய்விடும். வெள்ளத்துரை அந்த ஒரு பஸ்ஸை நம்பித்தான் குடும்பத்தோடு பட்டணத்துக்கு வந்தவர்.

"குந்து அண்ணாச்சி" என்றார் வேலப்பன். "வண்டியோட மூஞ்சியச் சொல்லு."

"மூஞ்சியா? அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கும்."

"நான் இன்னா பொண்ணு பாக்கவா வந்தேன்? மேல வளைவா கீதா, மட்டமா கீதா?"

"வளைவுதான். நடுவுல கும்பம் மாதிரி ஒரு மூடி."

வேலப்பன் காகிதச் சுருள்களுக்குள் தலையை நுழைத்தார். கால்மணி நேரம் கழித்து ஒன்றை எடுத்து விரித்தார். மூலையில் வளைந்த நெற்றியும் கும்பமுமாக ஒரு முகம். வெள்ளத்துரை அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஏ, இது எங்க மாமனார்ல்லா!" என்றார். வேலப்பன் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.

காகிதம் இருந்ததே தவிர அதற்குப் பொருந்தும் தண்டு இல்லை. ஏலத்திலிருந்து புதிது புதிதாக வந்து விழும் குவியல்களில் தேட வேண்டியிருந்தது. பஸ் ஓடாததால் வெள்ளத்துரைக்கும் வேலை இல்லை. தினமும் மத்தியானம் வந்துவிடுவார். ஒரு கருப்பட்டிக் கட்டியை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்து, வேலப்பனின் கெரசின் அடுப்பில் தானே காப்பி வைப்பார். முதல் நாள் கொட்டகையில் ஒரே டம்ளர்தான் இருந்தது. ஒருவர் குடித்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார். மறுநாள் இரண்டு டம்ளர்கள் இருந்தன.

பதினொரு மத்தியானங்கள் இப்படிப் போயின. பலகைக்கு இந்தப் பக்கம் வேலப்பன், எதிர்ப்பக்கம் கவிழ்த்த டின்மேல் வெள்ளத்துரை. இவர் தண்டுகளை உருட்டுவார், அவர் பேசுவார். பஸ்ஸில் ஏறும் ஜனங்களைப் பற்றி அவரிடம் கதைகள் தீரவே தீராது. வேலப்பன் முதலில் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தார். நான்காவது நாள் தானும் ஒன்று சொன்னார். எட்டாவது நாள் வெள்ளத்துரை அரைமணி நேரம் தாமதமாக வந்தபோது, வேலப்பன் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆரப் பாத்துகினு நிக்கறே?" என்றாள் பட்டம்மாள்.

"காத்து வாங்கறேன்."

"காத்து உடன்குடிலேர்ந்து வர்தா?"

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, அந்தத் தண்டு கிடைத்தது. நீளம் சரி, மேடுகளின் அகலம் சரி, பேரிங்கில் உட்காரும் மூன்று இடங்களும் காலிபருக்கும் நகத்துக்கும் சரியாக இருந்தன. முன்முனையில் இருந்த சக்கரத்தை மட்டும் யாரோ முன்பே கழற்றியிருந்தார்கள். வேலப்பன் கரி பூசினார். அப்போது வெள்ளத்துரை ஒரு ஆட்டுக்கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆட்டுக்கு டிக்கெட் எடுன்னேன். அதுக்கு அந்த எண்ணூர்க்காரன் சொல்லுதான், 'அது நின்னுகினுதானே வர்து, குந்தலியே'ங்கான். சரி, நிக்கதுக்கு எடுன்னேன். 'நாலு கால்ல நிக்குது, உங்க பஸ்ஸுக்கு பாரமே இல்ல'ங்கான்!"

வேலப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இரு, இரு, இத்தப் பாரு. உன் மாமனாரு வர்றாரு" என்று சொல்லிக்கொண்டே காகிதத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவைத்து, வெள்ளத்துரை நன்றாகப் பார்க்கட்டும் என்று தண்டை அவர் பக்கமாக உருட்டினார். எட்டுத் தழும்புகள் விழுந்தன. பழைய காகிதத்தைப் பக்கத்தில் வைத்தார். இடைவெளி, வரிசை எல்லாம் இம்மி பிசகாமல் பொருந்தின. வெள்ளத்துரை எழுந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். கூரையில் தொங்கிய தண்டுகளெல்லாம் ஆடி ஒலித்தன. வாசலில் நின்ற நானும் சேர்ந்து சிரித்தேன். என்ன நடந்தது என்பது எங்கள் மூவருக்குமே தெரியவில்லை.

ஞாயிறன்று வெள்ளத்துரையின் பிட்டர்கள் தண்டைப் பஸ்ஸில் பொருத்தினார்கள். எஞ்சின் கிளம்பவில்லை. திங்கள் முழுவதும் முடுக்கினார்கள், கிளம்பவில்லை. செவ்வாய் மத்தியானம் வெள்ளத்துரை வழக்கம்போல் கருப்பட்டியோடு வந்தார். முகம் வாடியிருந்ததே தவிர மனம் தளரவில்லை.

"தீப்பொறி குடுக்குத மேக்னட்டுதான் கெட்டிருக்குன்னு எல்லா பயலும் சொல்லுதான். கழத்திக் கம்பி சுத்தக் குடுத்திருக்கு. வியாழக்கிழமை தருவான். அதுவரைக்கும் ஒம்ம கொட்டாய்தான் எனக்கு."

"கிளப்பும்போது இன்னா பண்ணுது?"

"பெட்ரோல் உள்ள போற கார்புரேட்டர் வழியாவே தீயைத் துப்புது. என் மீசை பொசுங்கிப் போச்சு, பாரும்."

வேலப்பன் மீசையைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். அதன்பின் வெள்ளத்துரை சொன்ன எதற்கும் அவர் 'உம்' கொட்டவில்லை.

அவர் போனதும் வேலப்பன் சனிக்கிழமைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். தழும்புகளை அவர் பார்க்கவில்லை. ஓரங்களைப் பார்த்தார். ஒரு சுற்று முடிந்து தண்டைத் தூக்கும்போது கரி படிந்த கட்டைவிரல்கள் காகிதத்தின் ஓரத்தில் பதிவது வழக்கம். முந்நூறு காகிதங்களிலும் அந்தக் கைரேகை இவர் பக்கத்து ஓரத்தில்தான் இருக்கும். இதில் எதிர் ஓரத்தில் இருந்தது.

அதன் பொருளைப் பிறகு எனக்கு விளக்கினார். அந்தக் கம்பெனி இரண்டு விதமாக எஞ்சின் செய்திருக்கிறது. முதலில் செய்ததில் கேம் ஷாப்டைப் பல்சக்கரம் சுழற்றும்; பின்னால் செய்ததில் சங்கிலி சுழற்றும். ஒன்றையொன்று கடிக்கும் இரண்டு பல்சக்கரங்கள் எதிரெதிராகச் சுழலும். சைக்கிளில் இருப்பதுபோலச் சங்கிலியால் பிணைத்த சக்கரங்கள் ஒரே பக்கமாகச் சுழலும். ஆகவே இரண்டு எஞ்சின்களின் தண்டுகளும் வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும்போல. அளவெல்லாம் ஒன்று, வரிசை மட்டும் தலைகீழ். வெள்ளத்துரையின் பஸ் பல்சக்கர வண்டி. கிடைத்தது சங்கிலித் தண்டு. வேலப்பன் தன் பக்கமாக உருட்டியிருந்தால் வரிசை பொருந்தாமல் அப்போதே தெரிந்திருக்கும். தலைகீழ்த் தண்டைத் தலைகீழாக உருட்டியதால் பொருந்திவிட்டது.

ஆப்பக் கல்லின் பக்கத்தில் நின்று பட்டம்மாளிடம் இதைச் சொன்னார். அவளுக்கு எஞ்சின் புரியவில்லை, ஆள் புரிந்தது.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்குத் தெரியும்."

"அவரு மேக்னட்டுன்றாரு. ஊரே மேக்னட்டுன்னுது. நீ எதுக்குப் போய் நான்தான்னு சொல்லிகினு? சும்மா குந்து. வெள்ளிக்கிழமை வரிக்கும் வந்து காப்பி வெச்சுக் குடுப்பாரு. அப்பாலயும் வண்டி நின்னுகினுதான் இருக்கும், வந்துகினுதான் இருப்பாரு."

வேலப்பன் ஆப்பத்தை வாங்கிக்கொண்டார், ஆனால் பிட்டுத் தின்னவில்லை. "மேக்னட்டச் சுத்திகினே நாளு பூடும்" என்றார். "நாளு போனா ரூட்டு பூடும்." ஆப்பத்தை இலையோடு அப்படியே திருப்பி வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை காலையில், வெள்ளத்துரையின் பஸ் நிற்கும் காலடிப்பேட்டைக்குக் கிளம்பினார். திருவொற்றியூர் தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரு விண்ணப்பம் கொடுக்க நானும் அதே வழியாகப் போனேன். எண்ணெய்த் தொட்டிகளைத் தாண்டும்போது, "என்னான்னு ஆரம்பிக்கறது?" என்றார்.

ஒரு புளியமரத்தடியில் 'ஜெயக்கொடி' மூடியைத் திறந்துகொண்டு நின்றது. வெள்ளத்துரையும் இரண்டு பிட்டர்களும் இருந்தார்கள். வேலப்பன் இங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. வெள்ளத்துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாரும் மேஸ்திரி! வீடு தேடி வந்துட்டீரே. ஏய், காப்பி வாங்கிட்டு வா!"

"காப்பி வோணாம் அண்ணாச்சி. மேக்னட்டுல ஒண்ணும் இல்ல. நான்தான்."

"என்ன சொல்லுதீரு?"

"காயிதத்த உன் பக்கமா உருட்டிட்டேன்."

"என் பக்கமாவா? எதுக்கு?"

"நீ பாக்கணும்னு."

ஒரு பிட்டர் சிரித்துவிட்டான். "இன்னா மேஸ்திரி, மூக்கு அடச்சிகிச்சா? மோந்து பாத்தே சொல்லுவேன்பியே!" வெள்ளத்துரை கையைக் காட்டி அவனை நிறுத்தினார். வேலப்பன் காகிதத்தை மட்கார்டின்மேல் விரித்து, எதிர் ஓரத்துக் கைரேகையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். முன்பின் மாற்றாமல், ஆட்டுக்கதையைக்கூட விடாமல் சொன்னார். வெள்ளத்துரையின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"நாலு நாளு போச்சே மேஸ்திரி" என்றார். குரல் தணிந்திருந்தது. "ரெண்டு நாளுதான் கெடக்கு." கைரேகையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "அப்போ நான் அங்க வந்து ஒக்காந்ததுதான் தப்புன்னு சொல்லுதீரா?" என்றார்.

"நீ குந்தினது தப்பில்ல. நான் சிரிச்சிகினே உருட்டினேன் பாரு, அதான்."

வேலப்பன் கோட்டைக் கழற்றினார். பஸ்ஸின் கண்ணாடி ஓரத்தில் அதை மாட்டிவிட்டு எஞ்சினுக்குள் குனிந்தார்.

"தண்ட மாத்த நாளில்ல. சுத்தற பக்கத்த மாத்திடலாம்" என்றார் உள்ளிருந்தே. "பல்சக்கரத்தக் கய்ட்டிட்டு சங்கிலி போட்டா, இந்தக் கேமுக்கு எந்தப் பக்கம் வோணுமோ அந்தப் பக்கம் சுத்தும். மேக்னட்டுக்குத் தனிச் சக்கரம் கீது, அது பாட்டுக்கு ஓடும். ஜல்தியா போய் மேக்னட்ட வாங்கினு வா. பிரிச்சிடப் போறான்."

அதைப்போல் ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. காயலான் கடையிலிருந்து ஓர் அச்சு இயந்திரத்தின் சங்கிலியும், ஒன்றுக்கு இன்னொன்று இரண்டு மடங்கு பல் உள்ள இரண்டு சக்கரங்களும் வந்தன. சக்கரங்களின் துளை சேரவில்லை. ராயபுரத்தில் ஒரு கடைசல் பட்டறைக்கு அவரே எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று கடையவைத்தார். சங்கிலி இடிக்காமல் இருக்க மூடியைத் தட்டிப் புடைக்கவைத்தார். புதனும் வியாழனும் இரண்டு பேரும் ஒரே எஞ்சினுக்குள் குனிந்திருந்தும், 'அதைக் கொடு', 'இதைப் பிடி' என்பதற்குமேல் பேச்சில்லை. வெள்ளத்துரை பேசாமல் இருந்து அப்போதுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறுமுன், வெள்ளத்துரை பிடியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் இருமியது. இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. புளியமரத்துக் காக்கைகளெல்லாம் எழுந்து பறந்தன. வெள்ளத்துரை எண்ணெய்க் கையோடு வேலப்பனைக் கட்டிக்கொண்டார்.

"மேஸ்திரி! எம்மேல இருந்த கோவமெல்லாம் போச்சு. இல்ல, ஒம்மேல இருந்த கோவம். என்னத்தையோ சொல்லுதேன் பாரும்! சோதனை முடியட்டும். நாளைக்கு மத்தியானம் வாரேன். கருப்பட்டியோட வாரேன்."

சோதனை முடிந்தது. ரூட் அவருக்கே நிலைத்தது.

மறுநாள் மத்தியானம் அவர் வரவில்லை. அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. மத்தியானம் இரண்டு மணிக்கு 'ஜெயக்கொடி' எண்ணூரில் ஜனங்களை ஏற்றிக்கொண்டிருக்கும், நாலு மணிக்கு எங்கள் சந்து முனையைத் தாண்டிக் கல்மண்டபத்துக்குப் போகும், ஐந்தரைக்குத் திரும்பும். இடையில் நிறுத்தி இறங்க ஒரு பஸ் டிரைவருக்கு ஏது நேரம்? ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிற கூட்டம் இன்னும் அதிகம். இப்போது மூன்று மாதமாகிறது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேலப்பன் ஏதாவது ஒரு காரணத்தோடு சந்து முனைக்கு வருகிறார். நேற்று கை கழுவ வந்தார். பட்டம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"வர்றாரு பாரு உன் அண்ணாச்சி."

பஸ் நிறைந்து, படியிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளத்துரை ஹாரனை இரண்டு தடவை அமுக்கி, ஒரு கையைச் சக்கரத்திலிருந்து எடுத்து உயர்த்தி, "மேஸ்திரீ!" என்று கூவினார். பஸ் நிற்காமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ராயபுரத்துப் பக்கம் போயிற்று. வேலப்பன் பதிலுக்குக் கையை உயர்த்தவில்லை. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை தொடையோரமாகத் தொங்க, விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காக்கித் துணியை அழுத்திக்கொண்டிருந்தன: சுட்டுவிரல், மோதிர விரல், சுண்டு விரல், நடுவிரல், மறுபடியும் சுட்டுவிரல். 'ஜெயக்கொடி'யின் நாலு சிலிண்டர்களும் வெடிக்கிற வரிசை அது. பஸ் மறைந்து, சத்தமும் அடங்கி, பட்டம்மாள் அடுத்த ஆப்பத்துக்கு மாவை ஊற்றிய பிறகும் அந்த விரல்கள் நிற்கவில்லை.